நடுக்கடலில் ஓர் அஞ்சல்

1968 ஆம் ஆண்டு யூன் மாதம் 14 ஆந் திகதி இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள பால்மத் துறையிலிருந்து ஒரு சிறு பாய்ப்படகு புறப்பட்டது. அதன் நீளம் முப்பத்திரண்டு அடி. பம்பாயிலே தேக்குமரத்தாற் கட்டப்பெற்ற அப்படகின் பெயர் சுகைலி. அதிலே சென்றவர் றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன் என்னும் கப்பலதிகாரி ஒருவரே. எந்தத் துறையிலும் தங்காது, எவருடைய துணையுமின்றி, தனியொருவராய் உலகைச் சுற்றி வருதல் வேண்டுமென்பது அவர் மேற்கொண்ட போட்டியின் விதி. படகிலிருந்த வானொலிக் கருவி இடைவழியிலே பழுதடைந்தது. அவ்வாண்டு நவெம்பர் மாதத்தில் நியூசிலாந்துக் கரையோரத்தே காணப்பட்ட பின்னர், நான்கு மாதங்களுக்கு மேலாக அவரைப்பற்றி யாதொரு செய்தியுங் கிடைக்கவில்லை. வீட்டார்க்கு அவர் உயிரோடிருக்கின்றாரா என்பதே தெரியாது. 1969 ஏப்பிரலில் அசோர்ஸ் தீவுகளின் அயலிலே அவர் மீண்டுங் காணப்பட்டார். அம்மாதம் 22 ஆந் திகதி பால்மத் துறையை வந்தடைந்தார். புறப்பட்ட ஒன்பது பேருள் போட்டியை முடித்தவர் அவர் ஒருவரே.

அதே போட்டியிற் கலந்துகொண்ட பேர்னாட் முவாத்தெசியே என்னும் பிரெஞ்சுக் கடலோடி செய்தி அனுப்பிய முறை இன்னும் விந்தையானது. கடிதத்தை ஒரு சிறு குப்பியில் இட்டு, எதிர்ப்பட்ட கப்பலின் மேற்றளத்தின்மீது கவண்கொண்டு எறிவதே அவர் கைக்கொண்ட வழி. தாம் போட்டியைக் கைவிட்டுப் பசிபிக் சமுத்திரத்தை நோக்கிச் செல்வதாக அவர் உலகுக்கு அறிவித்ததும் 1969 மார்ச் மாதத்திலே அவ்வாறு எறியப்பட்ட கடிதமொன்றினாலேதான். மனிதன் சந்திரனிற் காலடி வைத்த ஆண்டிலும், நடுக்கடலிலிருந்த மனிதனொருவன் கரைக்கு ஒரு சொல் அனுப்புதற்குக் கவணை நாடவேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

பெருங்கப்பல்களின் நிலைமை அக்காலத்தும் அவ்வாறிருக்கவில்லை. 1901 திசெம்பர் 12 ஆந் திகதி மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து கம்பியில்லாச் சைகையைப் பெற்றார். 1912 இல் தைத்தானிக் கப்பல் மூழ்கியபோது, கார்ப்பேதியா என்னுங் கப்பல் விரைந்து வந்து எழுநூறு பேரளவிற் காப்பாற்றியது கம்பியில்லாத் தந்தியின் உதவியினாலேயே. பின்னர் இயற்றப்பட்ட சர்வதேச உடன்படிக்கைகள் பெரிய கப்பல்களுக்கு வானொலியைக் கட்டாயமாக்கின. ஆயினும் அக்கருவிக்குப் பயிற்சிபெற்ற இயக்குநர் வேண்டும், மின்சாரம் வேண்டும், யாவற்றுக்கும் மேலாகப் பணம் வேண்டும். கணவனும் மனைவியும் தம் சேமிப்பைக்கொண்டு வாங்கிய சிறு பாய்ப்படகிற் கடல் கடக்கும்போது அத்தகைய வசதிகளை எங்கே தேடுவது? அவர்கள் அடுத்த துறைமுகத்தின் தபாற்கந்தோரிலே தம் பெயருக்கு வந்து காத்திருக்குங் கடிதங்களையே நம்பியிருந்தனர். குறைந்த செலவிற் கடலிலிருந்து அஞ்சல் அனுப்புவது எவ்வாறு என்னும் வினா இவர்களுடைய வினாவாகும். அதற்கு விடை காண முதலிற் பெருமுயற்சி செய்தவர்களும் பெரிய நிறுவனத்தார் அல்லர்; வானொலியிற் பற்றுக்கொண்ட தனிமனிதர்களே.

சிற்றலை வானொலியின் இயல்பை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். பூமியின் வளிமண்டலத்துக்கு மேற்பகுதியில், சூரியவொளியால் மின்னேற்றம் பெற்ற படைகள் உள்ளன. அயனமண்டலம் எனப்படும் இப்படைகள் சிற்றலைகளைத் திருப்பி அனுப்புகின்றன. அவ்வாறு திரும்பிவரும் அலை ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இறங்குகின்றது. இடையிலே கம்பியுமில்லை, செய்மதியுமில்லை, கட்டணங் கேட்பாருமில்லை. ஆனால் அயனமண்டலம் ஒருபோதும் ஒரே நிலையில் இருப்பதன்று. பகலில் உயர்ந்த மீடிறன்களும், இரவிலே தாழ்ந்த மீடிறன்களும் நன்கு பயன்படும். காலையிற் தெளிவாகக் கேட்ட நிலையம் மாலையில் அடியோடு மறைந்துபோதலுங் கூடும். தூர தேசத்து நிலையங்களைச் சிற்றலையிலே தேடிப் பழகிய நேயர்களுக்கு இது புதிய செய்தியன்று.

இவ்வாறு ஏறியிறங்கும் அலையின்மீது பிழையின்றி எழுத்துக்களை ஏற்றிச் செல்வது எங்ஙனம்? 1991 ஆம் ஆண்டளவில் ஜேர்மனி தேசத்து வானொலி ஆர்வலர் இருவர் பாக்டர் என்னும் முறையை வகுத்தனர். கடிதம் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டும் தன்னைச் சரிபார்ப்பதற்குரிய எண்ணொன்றைத் தன்னோடு கொண்டுசெல்லும். மறுமுனையிலுள்ள கருவி அவ்வெண்ணைக் கணக்கிட்டுப் பார்த்து, துண்டு பழுதின்றி வந்ததாயின் அடுத்ததை அனுப்புமாறு கூறும். பழுதாயின் அதனையே மீண்டுங் கேட்கும். பழுதான துண்டுகளையும் அது எறிந்துவிடுவதில்லை. ஒன்றோடொன்று கூட்டிப் பார்த்து, சிதைந்த பல படிகளிலிருந்து சிதையாத ஒரு படியை உருவாக்க முயலும். காதுக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றும் அலையிலிருந்துங் கடிதமொன்றை மீட்டெடுப்பது இதனாலேயே இயல்வதாயிற்று.

இம்முறையை அடிப்படையாகக்கொண்டு இரண்டு அமைப்புக்கள் தோன்றின. ஒன்று வின்லிங்க். உலகெங்குமுள்ள வானொலி ஆர்வலர் தம் சொந்த நிலையங்களை இதற்கென ஈந்தனர். கடலிலிருந்து வருங் கடிதத்தை அந்நிலையம் பெற்று இணையத்திற் சேர்க்கும். கரையிலிருந்து செல்லுங் கடிதத்தைக் கடலோடி தான் விரும்பிய நேரத்திற் பெற்றுக்கொள்வான். இதற்குக் கட்டணம் யாதுமில்லை. ஆனால் ஆர்வலர் வானொலிக்குரிய அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குப் பரீட்சையிற் சித்தியெய்துதல் வேண்டும். அமெரிக்காவில் அப்பரீட்சையிலிருந்த மோர்ஸ் சங்கேதத் தேர்வு 2007 ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டபின் பலருக்கு வழி இலகுவாயிற்று. மேலும், ஆர்வலர் அலைவரிசையிலே வியாபாரம் பேசுதலாகாது. கடலிலிருந்தபடியே தன் தொழிலையும் கவனிக்க விரும்புபவனுக்கு இது பெருந்தடை.

அத்தடைக்கு விடையாக எழுந்தது செயில்மெயில் என்னுஞ் சங்கம். இது இலாபநோக்கமற்ற ஒரு கூட்டுறவு போன்றது. பாய்ப்படகு உடையவர்கள் ஆண்டுதோறுஞ் சில நூறு டொலர் சந்தா செலுத்தி, பல நாடுகளிலுமுள்ள கரைநிலையங்களைப் பொதுவிற் பயன்படுத்துகின்றனர். கப்பல்களுக்குரிய மீடிறன்களில் இயங்குவதால் வியாபாரக் கடிதங்களுக்குந் தடையில்லை. ஆனால் நிலையங்கள் பொதுவானவை. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். ஆகையால் வாரமொன்றுக்குச் சராசரி தொண்ணூறு நிமிடம் என்று அங்கத்தவர்க்கு எல்லை வகுக்கப்பட்டது. ஊர்க்கிணற்றில் முறைவைத்துத் தண்ணீர் அள்ளுவதைப்போன்ற ஏற்பாடு இது.

கட்டணம் குறைவாயினுங் கருவிகளின் விலை குறைவன்று. வானொலி வேண்டும், பாய்மரத்தைப் பின்புறமாகத் தாங்கும் உருக்குக் கம்பிவடத்தை இரு முனையிலுங் காப்பிட்டு வான்கம்பியாக மாற்றவேண்டும், அதனை அலைக்கு இசைவிக்குங் கருவி வேண்டும், கடல்நீரோடு தொடர்புடைய செப்புத்தகடு வேண்டும். பாக்டர் மோடத்துக்கு மட்டும் ஆயிரம் டொலருக்கு மேற் செலவாகும். கணினியின் ஒலியமைப்பையே மோடமாகப் பயன்படுத்தும் மென்பொருள்கள் பின்னர் வந்து, வின்லிங்க் பாவிப்போருக்கு இச்செலவைக் குறைத்தன. எனினும், இவ்வாறு பொருத்திய வானொலி கடிதத்துக்கு மட்டும் உதவுவதன்று. காலையிலும் மாலையிலுங் குறித்த நேரத்தில் அயற்படகுகளோடு பேசவும், ஒருவனுடைய இக்கட்டைப் பலரும் ஒருங்கே கேட்டறியவும் அது துணைபுரிகின்றது. தொலைபேசி இருவரை இணைப்பது. வானொலியோ கடலிலுள்ளோர் அனைவரையும் ஒரு வீட்டாராக்குவது.

இனிச் செய்மதியின் கதை. அக்கதை இலங்கை மக்களுக்கு அந்நியமானதன்று. 1945 ஒக்ரோபரில் ஆங்கிலச் சஞ்சிகையொன்றிலே ஆதர் சி. கிளாக் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். பூமியைச் சுற்றி இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வலம்வரும் மூன்று நிலையங்களை வானில் நிறுத்தினால், உலகமுழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்பது அதன் சாரம். 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறிய அவர், 2008 இற் கொழும்பிலே காலமாகும்வரை இத்தீவையே தம் இல்லமாகக் கொண்டார். அவர் கூறிய உயரம், நிலத்திலிருந்து ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர். 1979 இல் நிறுவப்பெற்ற இன்மார்சாற் என்னும் அமைப்பு அவ்வுயரத்துச் செய்மதிகளைக்கொண்டு கப்பல்களுக்குத் தொலைபேசியும் அஞ்சலும் வழங்கிற்று. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து வரும் மெலிந்த அலையைப் பெறுதற்கு, கப்பல் எவ்வாறு அசையினும் செய்மதியையே நோக்கியிருக்கும் பெரிய வான்கம்பி தேவை. குறுஞ்செய்திக்கு மட்டுமான சிறிய கருவியும் வந்தது. அதிலோ எழுத்தெண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம். பெருங்கப்பலுக்கு ஏற்ற ஒழுங்கு, சிறு படகுக்கு ஏற்றதாகவில்லை.

1998 நவெம்பரில் இரிடியம் என்னும் நிறுவனம் மாறான வழியொன்றைத் திறந்தது. ஏறத்தாழ 780 கிலோமீற்றர் உயரத்திலே அறுபத்தாறு செய்மதிகள் ஓயாது சுற்றிவர, கைக்கடக்கமான தொலைபேசியே அவற்றோடு பேசும். துருவம் முதல் துருவம்வரை அது எட்டாத இடமில்லை. பல கோடி டொலர் கடனில் மூழ்கிய அந்நிறுவனம் மறு ஆண்டிலேயே வங்குரோத்தாயிற்று. ஆயினும் செய்மதிகள் வானில் நிலைத்தன. புதிய உரிமையாளர் அவற்றை மிகச் சொற்ப விலைக்கு வாங்கித் தொழிலைத் தொடர்ந்தனர். 2019 ஆம் ஆண்டளவிற் புதிய செய்மதிகளும் பழையவற்றின் இடத்தை நிரப்பின.

இரிடியம் தொலைபேசியிற் செய்தி செல்லும் வேகம் செக்கனுக்கு 2,400 பிற்று. அதாவது முந்நூறு எழுத்தளவு. ஒரு பக்கக் கடிதம் சில செக்கன்களிற் சென்றுவிடும். ஆனால் கைத்தொலைபேசி இக்காலத்தில் எடுக்கும் சாதாரணப் புகைப்படமொன்று மூன்று மெகாபைற்று என்று வைத்துக்கொண்டால், அதனை அனுப்பப் பத்தாயிரம் செக்கன், அதாவது இரண்டேமுக்கால் மணித்தியாலத்துக்கு மேலாகும். நிமிடத்துக்கு ஒரு டொலர் என்று கணக்கிடினும் அப்படமொன்றின் செலவு 160 டொலரைத் தாண்டும். இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். கடலில் மலிவு என்பது கருவியின் விலையில் மட்டும் தங்கியதன்று. பேசுபவனின் சொற்சிக்கனத்திலும் தங்கியது.

இச்சிக்கனத்தை அனுபவசாலிகள் ஒரு கலையாகவே வளர்த்தனர். படகின் முகவரியை நெருங்கிய சிலருக்கன்றி அவர்கள் கொடுப்பதில்லை. வெறும் எழுத்தாலான கடிதங்களையே ஏற்பர். படங்களும் இணைப்புக்களும் கரையிலேயே தடுக்கப்படும். விடையெழுதுவோர் பழைய கடிதத்தை அடியில் ஒட்டி அனுப்பலாகாது என்பதும் உறுதியான விதி. இணையத்தை நேரே திறத்தலும் இல்லை. கடிதத்தைச் சுருக்கி அனுப்பி, வரவேண்டியதைச் சுருக்கமாகப் பெற்று, உடனே தொடர்பை முறித்துவிடுவர்.

வானிலை அறிக்கையைப் பெறுவதிலே இச்சிக்கனத்தின் பயன் சிறப்பாக விளங்கும். கிறிப் எனப்படும் கோப்பிலே கடற்பரப்பு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கட்டத்தின் மூலைதோறுங் காற்றின் திசையும் வேகமும் அமுக்கமும் எண்களாய்த் தரப்படும். செயில்டொக்ஸ் என்னும் இலவச சேவைக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினால், வேண்டிய பரப்பின் கோப்பு விடையாக வரும். இருபது பாகை அகலமும் இருபது பாகை நீளமுங் கொண்ட ஒரு பரப்பை இரண்டு பாகை இடைவெளியிற் கேட்டால், 121 புள்ளிகளின் விபரம் வரும். அதே பரப்பைக் கால் பாகை இடைவெளியிற் கேட்டால் 6,561 புள்ளிகள் வரும். செலவு ஐம்பது மடங்கு பெருகும். வங்காள விரிகுடாவின் நடுவே செல்லும் படகோட்டிக்குச் சூறாவளி எப்பக்கம் திரும்பும் என்பது தெரியவேண்டுமே அன்றி, பதினைந்து கடல்மைலுக்கு ஒருமுறை காற்றை அளந்து பார்க்கவேண்டியதில்லை. எதைக் கேட்கவேண்டும் என்று அறிந்தவனுக்குச் சிறிய கோப்பே போதுமானது.

2014 இல் இரிடியம் நிறுவனம் படகிலே நிலையாக வைக்கத்தக்க சிறு பெட்டியொன்றை வெளியிட்டது. நூறு டொலருக்குச் சற்று மேற்பட்ட மாதக் கட்டணத்தில், நிமிடக் கணக்கின்றி அதனை அப்போது பயன்படுத்த முடிந்தது. வேகம் பழைய வேகந்தான். கவலை மட்டும் குறைந்தது. குறுஞ்செய்தி அனுப்பும் கைக்கருவிகளும் அவற்றிலும் மலிவான கட்டணத்திற் கிடைத்தன.

2019 இல் ஸ்டார்லிங்க் செய்மதிகளின் முதற்கூட்டம் ஏவப்பட்டதும் நிலைமை தலைகீழாகத் தொடங்கிற்று. ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் ஆயிரக்கணக்கான செய்மதிகள். தட்டையான ஒரு வான்கம்பி. கரையிலுள்ள வீட்டிற் கிடைக்கும் வேகம். 2022 யூலையிற் கப்பல்களுக்கான சேவை அறிவிக்கப்பட்டபோது மாதக் கட்டணம் 5,000 டொலர், கருவிகளுக்கு 10,000 டொலர். அது செல்வந்தரின் உல்லாசக் கலங்களுக்கே உரியதாயிருந்தது. 2023 இல் 50 கிகாபைற்றுக்கு 250 டொலர் என்னுங் கட்டணம் வந்தது. முன்பு இரண்டேமுக்கால் மணித்தியாலமெடுத்த புகைப்படம் சில செக்கன்களிற் செல்வதாயிற்று. நடுச் சமுத்திரத்திலே தாய் தன் பேரக்குழந்தையின் முகம் பார்த்துப் பேசுகின்றாள்; நோயாளியின் காயத்தை வைத்தியர் நேரே காண்கின்றார்; பழுதான இயந்திரத்தின் பாகத்தை நிபுணர் காட்டித்தருகின்றார்.

ஆயினும் இதற்கும் ஒரு விலையுண்டு; அது மின்சாரம். ஐம்பது உவாற்று உண்ணும் கருவியை நாள்முழுதும் இயங்கவிட்டால், பன்னிரண்டு உவோற்று மின்கல அடுக்கிலிருந்து நாளொன்றுக்கு நூறு அம்பியர்-மணி வெளியேறும். 200 அம்பியர்-மணி கொண்ட ஈயமின்கல அடுக்கை வைத்திருக்கும் சிறு படகில் அதன் பாதிக்கு மேல் எடுத்தல் மின்கலத்துக்குக் கேடு. ஆகவே தொலைத்தொடர்பே முழுவதையும் உண்டுவிடும். வழிகாட்டும் விளக்குக்கும் சுக்கானைத் தானாய்த் திருப்புங் கருவிக்கும் எஞ்சுவது ஒன்றுமில்லை. அதனால் விவேகமுள்ளோர் காலையில் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம் என்று வரையறுத்துத் திறக்கின்றனர். 2024 இல் வெளிவந்த சிறிய கருவி இருபது முதல் நாற்பது உவாற்றோடு அமைவதனால் இப்பாரம் ஓரளவு குறைந்துள்ளது.

இன்னொரு விலை, ஒரே நிறுவனத்தை நம்பியிருத்தல். கட்டணங்களும் கடற்பாவனைக்குரிய விதிகளும் நிறுவனத்தின் விருப்பப்படி மாறின. 2025 யூலை 24 ஆந் திகதி அச்சேவை உலகமெங்கணும் இரண்டரை மணித்தியாலமளவிற் தடைப்பட்டது. கரையிலிருப்போர்க்கு அது சிறு தொல்லை. புயலின் வாயிலிருப்போனுக்கு இரண்டரை மணித்தியாலம் மிக நீண்டது. ஆகையாற் பெரிய கருவியோடு சிறிய கருவியொன்றையும், இயலுமாயின் சிற்றலை வானொலியையும் வைத்திருத்தல் நன்று என்பர் அறிந்தோர். ஆபத்துக்கால வானொலிக் குறிகாட்டி இவற்றுள் எதனாலும் ஈடுசெய்ய முடியாதது. அதற்கு மாதக் கட்டணமும் இல்லை. நீரிற் படிந்த மாத்திரத்தே தானாய் இயங்கும் வகையும் உண்டு.

கரையிலிருப்போர்க்கும் இங்கே ஒரு கடமையுண்டு. நாள்தோறும் வரும் மின்னஞ்சல் ஒருநாள் வராதொழியின், வீட்டார் பதறி மீட்புப் படையினரை அழைத்துவிடுகின்றனர். கடலிலோ வான்கம்பியின் ஓர் இணைப்பு உப்பினாற் துருப்பிடித்திருக்கும், அவ்வளவே. நொக்ஸ்-ஜோன்ஸ்டனின் வீட்டார் நான்கு மாதம் பொறுத்தனர். இக்காலத்தவர்க்கு நான்கு மணித்தியாலமும் நீண்டதாகிவிட்டது. ஆகவே, எத்தனை நாள் செய்தி இல்லாவிடிற் கவலைப்படலாம், எவருக்கு அறிவிக்கவேண்டும் என்பவற்றைப் புறப்படுமுன்னரே பேசி முடிவுசெய்தல் வேண்டும்.

சுகைலி புறப்பட்டு ஐம்பதாண்டு நிறைந்த 2018 இல், அப்போட்டி பழைய முறைப்படியே மீண்டும் நடத்தப்பட்டது. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் தோமி, சுகைலியை ஒத்ததாகக் கோவாவிலே கட்டப்பெற்ற துரியா என்னும் படகிற் சென்றார். செத்தெம்பர் 21 ஆந் திகதி தென்னிந்து சமுத்திரத்திலே புயல் அப்படகை உருட்டிப் பாய்மரங்களை முறித்தது. முதுகெலும்பு முறிந்த அவரால் எழுந்திருக்கவும் இயலவில்லை. பேர்த் நகரம் 1,900 கடல்மைலளவு தூரத்தே இருந்தது. ஆனால் அவர் கையருகே, செய்மதி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கருவியொன்று இருந்தது. படகு கவிழ்ந்ததையும், மரம் முறிந்ததையும், தாம் எழ இயலாதிருப்பதையும் சில சொற்களிலே அவர் தெரிவித்தார். அச்சொற்கள் அவுஸ்திரேலிய மீட்புநிலையத்தை எட்டின. விமானங்கள் தேடிச் சென்றன. மூன்றாம் நாள் பிரெஞ்சு மீன்பிடிக் காவற்கப்பலான ஒசிரிஸ் அவரை மீட்டது. 2023 இல் அதே போட்டியை அவர் இரண்டாமவராக முடித்தார்.

ஒரே வடிவிலமைந்த இரண்டு படகுகள். ஒன்றிலிருந்தவர் நான்கு மாதம் மௌனமாயிருந்து, தம் திறமையாலும் நல்லூழாலும் கரைசேர்ந்தார். மற்றதிலிருந்தவரைக் கரைசேர்த்தவை சில சொற்கள். அவற்றை ஏற்றிச் சென்ற கருவி விலையுயர்ந்ததன்று; அதிலே படமுமில்லை, குரலுமில்லை. இன்று கடலிற் கிடைக்கும் இணையம் எவ்வளவு வேகமாயினும், கடலோடி முதலிற் பேணவேண்டியது அந்தச் சில சொற்களைக் கரைசேர்க்கும் வழியையே. அந்த வழி நிலைபெற்றபின்னர் ஏனையவற்றை அவரவர் வசதிக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம்.